மேல்காற்றுக்கு நிற்கிற பூ

“நான் வச்சா எந்தச் செடியும் வராது, எனக்குக் கைராசி கிடையாது” என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. எங்கள் பாளையங்கோட்டையில் ஜன்னலில் ஆசையாகத் தொட்டி வைத்து, ஒரு கோடை தாண்டுவதற்குள் வெறுந்தொட்டியைக் கழுவிக் கவிழ்த்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். இத்தனை பேருடைய கையும் ஒன்றாக ராசி கெட்டுப்போக வழியில்லை. ஜன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது, எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது, ஆனி ஆடியில் காற்று எப்படி வந்து அறைகிறது என்று எதையும் கேட்காமல் செடியை விற்கிறார்கள். நாமும் பூவின் நிறத்தை மட்டும் பார்த்து வாங்குகிறோம். செடி பட்டுப்போனதும் பழி கைக்குப் போகிறது.

நான் மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள். காற்றாலைக் கணக்குகளைப் பல வருடம் பார்த்திருக்கிறேன். மற்றவர்களுக்குக் காற்று என்றால் சுகம்; எங்களுக்கு அது யூனிட். மே மாதக் கடைசியில் தொடங்கி செப்டம்பர் வரை எங்கள் அலுவலகத்தில் ‘காற்று சீசன்’ என்றுதான் பேச்சு. கயத்தாறு, பணகுடி, ராதாபுரம், அந்தப் பக்கம் முப்பந்தல், ஆரல்வாய்மொழி என்று காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பதற்குக் காரணம் மலையில் இருக்கிறது. செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாய்; தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, இந்த இடைவெளிகளில் நெருக்கிப் புகுந்து, ஈரம் போய் வேகம் கூடி இந்தப் பக்கம் இறங்குகிறது. குற்றாலத்தில் சாரல் அடிக்கும் அதே நாளில், ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர் கிழக்கே இருக்கிற எங்களுக்கு வறண்ட மேல்காற்றும் கண்ணில் புழுதியும்தான். எங்களுக்கு மழை என்றால் அது ஐப்பசி கார்த்திகையில்.

இந்தக் காற்றில் மின்சாரம் எடுக்கிற ஊர்தான் இது. ஆனால் ஜன்னலுக்கு ஒரு செடி வாங்கும்போது மட்டும் யாருக்கும் காற்று ஞாபகம் வருவதில்லை.

என் வீடு மூன்றாம் மாடி. மேற்குப் பார்த்த ஜன்னல். வெளியே ஒன்றரை அடி நீட்டிய இரும்புப் பெட்டி கிரில். மதியம் ஒரு மணிக்கு வெயில் உள்ளே வந்தால் சூரியன் மறையும்வரை நகராது. பிறகும் சுவர் விடாது. பகலில் வாங்கிய சூட்டை இரவு வெகுநேரம் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். நான் எழுதுவதெல்லாம் இந்த மாதிரி ஜன்னலை மனதில் வைத்துத்தான். கிழக்குப் பார்த்த ஜன்னல் உள்ளவர்கள் பாக்கியவான்கள்; அவர்கள் கனகாம்பரமே வைக்கலாம்.

வெறும் வெயில் என்றால் சமாளித்துவிடலாம். காற்றும் சேரும்போதுதான் கணக்கு மாறுகிறது. இலையின் நுண்துளைகள் வழியாக வெளியேறும் நீராவி, இலையை ஒட்டி ஒரு மெல்லிய ஈரப்படலமாக நிற்கும். அது இருக்கும்வரை இலையிலிருந்து நீர் வெளியேறுவது மட்டுப்படும். காற்று அந்தப் படலத்தை ஓயாமல் வழித்துக்கொண்டு போகிறது. தட்டட்டியில் காயப்போட்ட சேலை ஆடி மாதத்தில் எத்தனை சீக்கிரம் காய்ந்துவிடுகிறது என்று எங்கள் ஊர்ப் பெண்களுக்குத் தெரியும். இலைக்கும் அதேதான் நடக்கிறது. வேர் உறிஞ்சிக் கொடுப்பதைவிட இலை இழப்பது அதிகமானால், மண்ணில் ஈரம் இருக்கும்போதே செடி துவளும். துவண்டதைப் பார்த்ததும் நாம் என்ன செய்வோம்? இன்னொரு செம்புத் தண்ணீர். சாயங்காலம் மனசு கேட்காமல் மறுபடியும் ஒரு செம்பு. ஏற்கெனவே ஈரமாக இருக்கிற மண்ணில் மேலும் தண்ணீர் நின்றால் வேருக்கு மூச்சு முட்டும், அழுகும். காற்றில் வாடிய செடியைத் தண்ணீர் ஊற்றிக் கொல்வது இங்கே அன்றாடம் நடக்கிற காரியம்.

ஆட்டம் இன்னொரு சங்கதி. சிறு வயதிலிருந்து காற்றில் ஆடி வளர்கிற செடி குட்டையாகவும் தண்டு தடித்தும் வளரும். காற்றுகூட வேண்டாம், தினமும் தண்டைக் கையால் தடவிவிட்டாலே செடி உயரம் குறைந்து தண்டு பருக்கும் என்று தாவரவியல்காரர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் இந்தப் பழக்கம் இளசில் வர வேண்டும். நிழல்வலைக்கு உள்ளே, காற்றே படாமல் ஒன்றரை அடி வளர்ந்து, பூத்துக் குலுங்கி நிற்கிற செடியைக் கொண்டுவந்து மேல்காற்றில் வைத்தால் அது எதைக் கற்றுக்கொள்ளும்? ஒடியும். அதனால்தான் யார் கேட்டாலும் சொல்கிறேன்: நர்சரியில் நிறையப் பூத்து நிற்கிற செடியை விட்டுவிடுங்கள். மூலையில், பூவே இல்லாமல், விரல் நீளத்தில் குட்டையாக நிற்கிறதே, அதைக் கேளுங்கள். விலையும் குறைவு.

நம் ஊர் நர்சரிகளில் விற்கும் செடிகளில் பெரும்பாலானவை நம் ஊரில் வளர்ந்தவை இல்லை. ஆந்திராவில் ராஜமுந்திரிக்குப் பக்கத்தில் கடியம் என்று ஒரு ஊர் இருக்கிறது. சுற்றுவட்டாரமே நர்சரிதான், தென்னிந்தியா முழுக்க அங்கிருந்து லாரியில் செடி போகிறது. கோதாவரித் தண்ணீரும் வண்டலும் ஈரக்காற்றும் கண்ட செடிகள் அவை. இன்னொரு பங்கு பெங்களூர், ஓசூர்ப் பக்கத்திலிருந்து வருகிறது. அந்தக் குளிர்ச்சியில் வளர்ந்ததை இறக்கி, அடுத்த நாளே விற்பார்கள். ஒருமுறை ஒரு தம்பியிடம் கேட்டேன், “இது எங்க வச்சா வரும்?”

“எல்லா இடத்துக்கும் வரும்க்கா.”

“மேக்கே பாத்த ஜன்னலுக்குமா?”

“காலைல சாயங்காலம் தண்ணி ஊத்துங்க, ஜம்முனு வரும்.”

கையில் இருந்தது பெகோனியா. இலையைத் தொட்டாலே தண்ணீராக உடைகிற செடி. குற்றால சீசனுக்குக் குளிக்கப் போகிறவர்களும் திரும்பும்போது இந்த மாதிரிச் செடிகளைப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வருவார்கள். அங்கே சாரலில் அது மினுமினுவென்று இருந்திருக்கும். பாளையங்கோட்டையில் அதே வாரம் நிலைமை வேறு.

போதாக்குறைக்குக் கைபேசியில் படங்கள். சுவிட்சர்லாந்து மலை வீடுகளின் ஜன்னலில் சிவப்பாக அடைந்து தொங்குகிற பூவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அது ஜெரேனியம் என்று சொல்லப்படுகிற பெலார்கோனியம். நம்மவர்கள் அதைக் கேட்டு வாங்கி வைத்து ஏமாறுகிறார்கள். அது ஐரோப்பியச் செடியே இல்லை; தென் ஆப்பிரிக்காவிலிருந்து போனது. வறட்சியும் வெயிலும் தாங்கும் என்பதால்தான் தண்ணீர் சீக்கிரம் வற்றுகிற ஜன்னல் பெட்டிக்கு அவர்கள் அதைப் பிடித்தார்கள். அவர்கள் செய்தது சரியான காரியம்: தங்கள் ஜன்னலுக்குத் தாங்குவது எது என்று பார்த்தார்கள். நாம் அவர்கள் வைத்த பூவை எடுத்துக்கொண்டோம், அவர்கள் பார்த்த கணக்கை விட்டுவிட்டோம். அந்தச் செடிக்கு இரவு குளிர வேண்டும். ஊட்டியில், கொடைக்கானலில் அருமையாக வரும். சித்திரை ராத்திரியிலும் வேர்த்து வழிகிற எங்கள் ஊரில் அது பூப்பதை நிறுத்திவிட்டுச் சும்மா நிற்கும். பிறகு நிற்கவும் நிற்காது. பெட்டூனியாவும் ஏறக்குறைய இதே கதை. கார்த்திகையில் வைத்தால் மாசி வரை அழகாகப் பூக்கும், அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. ‘இது மூன்று மாதச் செடி’ என்று சொல்லி விற்றால் அதில் ஒரு குற்றமும் இல்லை. சொல்வதில்லையே.

“அப்போ இந்தக் காத்துக்குப் பூவே ஆகாதுங்கியா?” என்று என் அண்ணன் கேட்டான். தோவாளைக்குப் போய்ப் பார் என்றேன். தமிழ்நாட்டின் பேர்போன பூச்சந்தைகளில் ஒன்று எங்கே இருக்கிறது? ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குப் பக்கத்தில், காற்று வந்து விழுகிற வாசலில். காற்றாலைக்காரன் தேடிவந்த அதே காற்றில்தான் அந்தச் சுற்றுவட்டாரத்து ஆட்கள் தலைமுறை தலைமுறையாகப் பூ விளைவிக்கிறார்கள். ஓணத்துக்கு முன்னால் அங்கே போனால் கேந்தியும் கோழிக்கொண்டையும் வாடாமல்லியும் மலையாகக் குவிந்து கிடக்கும். எந்தப் பூ இந்தக் காற்றுக்கு நிற்கும் என்று கேட்க வேண்டிய இடம் அது. அங்கே விளைகிறதையெல்லாம் ஜன்னல் பெட்டியில் வைக்க முடியாதுதான். பிச்சிக்கும் மல்லிக்கும் ஆழமான மண் வேண்டும். அரளிக்கு இடம் பற்றாது, விஷமும்கூட. ஆனால் வாடாமல்லிக்கு எட்டு அங்குல மண் போதும்.

என் ஜன்னலில் முதல் மரியாதை வாடாமல்லிக்குத்தான். நாம் பூ என்று பார்க்கிற அந்த ஊதா உருண்டை, உண்மையில் காய்ந்த செதில்களின் கொத்து. நிஜமான பூ அதற்குள் சின்னதாக ஒளிந்திருக்கிறது. செடியில் இருக்கும்போதே காகிதமாக உலர்ந்திருப்பதைக் காற்று இதற்கு மேல் என்ன காயவைக்க முடியும்? மத்திய அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த செடி. சோளமும் கரும்பும் எந்த முறையில் வெயிலைப் பயன்படுத்துகின்றனவோ அதே முறையில் இதுவும் உணவு தயாரிக்கிறது; சூடு ஏறினால் மற்ற செடிகள் சோர்கிற நேரத்தில் இது வேலை செய்யும். வாசனை இல்லை என்பார்கள். ஜன்னலுக்கு வாசனை எதற்கு, மேல்காற்றில் அது அடுத்த தெருவுக்குத்தான் போகும். சாமி படத்துக்குப் போடலாம், ஒரு வாரம் ஆனாலும் நிறம் இறங்காது. உயரமாகப் போகிற செடி என்பதால் நாலு இலை வைத்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். கிள்ளாமல் விட்டால் ஒற்றைத் தண்டாகப் போய்க் காற்றில் சாயும். கிள்ளினால் பக்கக் கிளை வெடித்துப் புதராக நிற்கும்.

அடுத்தது நித்தியகல்யாணி. இதை வைத்தபோது என் மாமியார் உயிரோடு இருந்தார். “ஏட்டி, சுடுகாட்டுப் பூவைக் கொண்டாந்து ஜன்னல்ல வைக்கியே, வேற பூவே கிடைக்கலியா ஒனக்கு?” என்றார். சுடுகாட்டில் அது ஏன் நிற்கிறது? யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை, ஆடு மாடு கடிப்பதில்லை, வெயிலுக்கு மறைப்பு இல்லை. அங்கேயும் வருஷம் முழுக்கப் பூக்கிறது. மேற்குப் பார்த்த மூன்றாம் மாடி ஜன்னலுக்கு இதைவிடப் பொருத்தமான சான்றிதழ் வேறு என்ன வேண்டும்? மாமியாரிடம் இப்படியே சொல்லவில்லை; ‘பேரே நித்தியகல்யாணி அத்தை, மங்கலமான பேரு’ என்று சொல்லித் தப்பித்தேன்.

இதன் பிறப்பிடம் மடகாஸ்கர் தீவு. 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற இருவர், சர்க்கரை நோய்க்கு ஆகுமா என்று இதன் இலையைச் சோதிக்கப் போய், அது வெள்ளை அணுக்களைக் குறைப்பதைக் கண்டார்கள். அந்த வழியில் வந்தவைதான் வின்பிளாஸ்டின், வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு வின்கிறிஸ்டின் இன்றும் கொடுக்கப்படுகிறது. திருநெல்வேலி, தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் மானாவாரி நிலத்தில் இதைப் பட்டிப்பூ என்று பயிராகவே போட்டு, மருந்துக்காக வேரும் இலையும் அனுப்பியிருக்கிறார்கள். இதைச் சொன்னதும் ஒரு ஆபத்து வரும்: “அப்போ காலையில ரெண்டு இலை மென்னா சுகருக்கு நல்லதுதானே?” கூடாது. மருந்து எடுக்கிற செடி என்றால் விஷமும் இருக்கிற செடி என்றே அர்த்தம். பார்க்க மட்டும் வையுங்கள்.

வாங்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும். ‘ஹைபிரிட் வின்கா’ என்று நர்சரியில் சிவப்பு, ஆரஞ்சு, நடுவில் பொட்டு வைத்தது என்று விதவிதமாக விற்கிறார்கள். கோடைக்கு அவை பிரமாதம். ஐப்பசி அடைமழையில் தண்டு கறுத்து அழுகிவிடும். சுவர் விரிசலில் தானாக முளைத்துக் கிடக்கிற நாட்டு ரகம், ரோஸ் நிறமோ வெள்ளையோ, அதற்கு இந்த நோஞ்சான்தனம் குறைவு. நான் அதைத்தான் வைத்திருக்கிறேன். பணம் கொடுத்து வாங்கியதில்லை. எப்போதாவது விரல் தடிமனில் ஒரு பச்சைப் புழு வந்து ராத்திரியோடு ராத்திரியாகக் கிளையை மொட்டையடிக்கும். அரளியைத் தின்கிற அந்துப்பூச்சியின் புழு அது. எடுத்து வீசிவிட்டால் செடி திரும்பத் துளிர்க்கும்.

பத்துமணிப் பூவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், எல்லோரும் வைத்திருக்கிறார்கள். டேபிள் ரோஸ் என்றும் சொல்வார்கள். தென் அமெரிக்காவின் வெயில் மண்ணிலிருந்து வந்தது; நாம் கூட்டு வைக்கிற பருப்புக்கீரைக்கு நெருங்கிய சொந்தம். தடித்த ஊசி இலையில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், தரையோடு படரும், காற்றுக்குப் பிடி கொடுக்காது. ஒரு துண்டு கிள்ளி ஊன்றினால் போதும். நான் குறை சொல்வது ஒன்றே ஒன்று: வெயில் பட்டால்தான் விரியும். எங்கள் ஊரில் ஆடியில் காற்றோடு மேற்கேயிருந்து மேகமும் கடந்து போய்க்கொண்டே இருக்கும். மழை வராது, மூட்டம் மட்டும். அந்த நாட்களில் பத்துமணிப் பூ மனசே இல்லாமல் பாதி திறந்து மூடிக்கொள்ளும். அதை மட்டும் நம்பிப் பெட்டி முழுக்க நட்டவர்களுக்குக் காற்று சீசனில் வெறும் பச்சைதான். நித்தியகல்யாணியின் காலடியில் ஓரத்தில் தொங்கவிட்டால் ஒன்று விட்டதை இன்னொன்று பார்த்துக்கொள்ளும்.

கையில் காசு இருந்தால் அடீனியம். அரேபியாவும் கிழக்கு ஆப்பிரிக்காவும் அதன் ஊர். பாலைவன ரோஜா என்று பெயர். அடிமரம் கிழங்காகப் பருத்து இருப்பதால் ஆடவே ஆடாது. அதன் பால் விஷம், வீட்டில் சிறுபிள்ளை இருந்தால் யோசித்து வையுங்கள். மழைக்காலத்தில் உள்ளே எடுத்துவிட வேண்டும்.

ஆகாதவை என்று சொல்லிச் சண்டைக்கு நிற்க எனக்கு இரண்டு செடிகள் உண்டு. ஒன்று காகிதப்பூ. ‘வெயிலுக்குக் காகிதப்பூதான்’ என்று எல்லோரும் சொல்வார்கள். வெயிலுக்கு உண்மை, தண்ணீரைக் குறைத்து வேரை நெருக்கினால் இன்னும் அதிகமாகவே பூக்கும். ஆனால் உயரத்தில், ஒடுங்கிய பெட்டியில், அந்த முள்கிளை நீண்டு காற்றைப் பிடித்து ஆடும்போது பெட்டியே நகரும். உதிர்கிற வண்ணச் செதில் எல்லாம் கீழ்வீட்டு வாசலில். காம்பவுண்டு சுவரோரம் தரையில் வையுங்கள், அங்கே அதற்கு ஈடில்லை.

இரண்டாவது உண்ணிச்செடி. லாண்டானா என்று பெயர் மாற்றி, மஞ்சளும் ரோஸும் கலந்த பூவோடு அழகான தொட்டியில் விற்கிறார்கள். வெயிலும் காற்றும் அதை ஒன்றும் செய்யாது, அது வாஸ்தவம். 1800களின் தொடக்கத்தில் அலங்காரத்துக்கென்று இந்தியாவுக்குக் கொண்டுவந்த செடிதான் இன்று முதுமலை உட்படக் காடு காடாக அடைத்துக்கொண்டு, புல்லை வளரவிடாமல் யானைக்கும் மானுக்கும் மேய்ச்சலைக் கெடுக்கிறது. பழத்தைக் குருவி தின்று எங்கே வேண்டுமானாலும் விதைக்கும். ஒரு பக்கம் வனத்துறை ஆள் வைத்து வேரோடு பிடுங்கிக்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் நாம் காசு கொடுத்து வாங்கி வைப்பது எந்த நியாயத்தில் சேர்த்தி என்று எனக்குப் புரியவில்லை.

செம்பருத்தி, ரோஜா ஆசையை ஜன்னலில் வைத்துக்கொள்ளாதீர்கள். பெரிய பூ, பெரிய இலை, ஒரே நாளில் கிழிந்து தொங்கும். வறண்ட காற்றில் மாவுப்பூச்சியும் வந்துசேரும்.

செடியைச் சொன்ன அளவுக்கு மண்ணையும் சொல்ல வேண்டும். இப்போது எங்கே பார்த்தாலும் தென்னைநார்த் தூள்தான். எடை குறைவு, மாடிக்கு நல்லது என்கிறார்கள். ஈரமாக இருக்கும்வரை நல்லதுதான். ஒருதரம் முழுக்கக் காய்ந்துவிட்டால் ஊற்றுகிற தண்ணீர் ஓரமாக வழிந்து கீழே போய்விடும், உள்ளே இறங்காது. எங்கள் காற்றில் மேல்தூள் பறந்து வீட்டுக்குள்ளேயே வரும். அதைவிட முக்கியம், எடையே இல்லாத தொட்டி காற்றில் கவிழும். முழுக்கச் செம்மண் போட்டாலும் கஷ்டம்: மூன்றடி நீளம், எட்டு அங்குல அகலம், எட்டு அங்குல ஆழம் உள்ள ஒரு பெட்டியில் ஈரமண் நிரப்பினால் ஐம்பது கிலோவைத் தாண்டும். கிரில் அதற்காகப் பற்றவைத்தது இல்லை. நான் பாதிக்குப் பாதி செம்மண், மீதியில் நார்த்தூளும் மட்கிய தொழுவுரமும், கொஞ்சம் மணல். மேலே ஒரு வரிசை சரளைக்கல். கல் இருந்தால் மண் பறக்காது, ஈரமும் நிற்கும். நீளமான ஒரு பெட்டிக்குப் பதில் குட்டையாக இரண்டு. ஒவ்வொன்றையும் கட்டுக்கம்பியால் கிரிலோடு கட்டிவிட வேண்டும். இதில் சோம்பலே கூடாது. மூன்றாம் மாடியிலிருந்து விழுகிற தொட்டிக்குக் கீழே யார் நடந்து போவார்கள் என்று யாருக்குத் தெரியும்?

கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியும் கறுப்புப் பையும் மேற்கு வெயிலில் வேரை வேகவைத்துவிடும். மண் தொட்டியோ, வெள்ளையடித்த சிமெண்டுத் தொட்டியோ நல்லது. மண் தொட்டி தன் சுவர் வழியாகக் கசிந்து வேரைக் குளிர்ச்சியாக வைக்கும், ஆனால் அதற்கேற்ப அடிக்கடி தண்ணீர் கேட்கும். தண்ணீர் விடியற்காலையில், அடியில் சொட்டும்வரை ஒரே தடவையாக. சுத்திகரிப்பு எந்திரத்திலிருந்து வெளியே தள்ளுகிற கழிவு நீரைச் செடிக்கு ஊற்றிச் சிக்கனம் பிடிக்கிறவர்கள், அதில் உப்பு சேர்ந்து வருவதை மறந்துவிடுகிறார்கள். சில மாதத்தில் தொட்டி ஓரத்தில் வெள்ளையாகப் பூத்து நிற்கும். தட்டு வைத்தால் தண்ணீர் தேங்கும், பத்து நாளுக்குள் டெங்கு கொசு பொரித்து வெளியேறும். மாநகராட்சிப் பணியாளர் வந்து கவிழ்க்கும்வரை காத்திருக்கக் கூடாது. தட்டு வைக்காவிட்டால் கீழ்வீட்டுக் கொடியில் சொட்டும். “மைனி, துவைச்ச துணியில எல்லாம் செம்மண்ணு” என்று ஒரு குரல் கேட்டபின்தான் நான் விடியற்காலைக்கு மாறினேன். துணி காயப்போடுவதற்கு முன்னால் சொட்டி முடிந்துவிடும்.

நர்சரிக்காரர்களிடம் நான் கேட்பது பெரிய காரியமில்லை. ஒவ்வொரு செடியிலும் ஒரு சீட்டு: எந்த ஊரில் வளர்ந்தது, எத்தனை மணி நேர வெயில் வேண்டும், காற்று தாங்குமா, எத்தனை மாதம் இருக்கும். வெளியூரிலிருந்து இறங்கிய செடியை இரண்டு வாரமாவது நம் ஊர் வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிவிட்டு விற்கலாம். அதற்கு ஐந்து ரூபாய் கூட வைத்தாலும் கொடுப்போம். அடுக்குமாடி கட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மேற்கு ஜன்னலுக்கு மேல் சன்ஷேடு வைக்கிற வழக்கத்தையே இப்போது விட்டுவிட்டார்கள்; ஜன்னலுக்குக் கீழே ஓரடி அகலத்தில், தண்ணீர் வடிய ஒரு குழாயோடு, காங்கிரீட் விளிம்பு விட்டால் பெட்டி கிரிலும் கட்டுக்கம்பியும் தேவைப்படாது. விற்பனைக்குக் காட்டுகிற மாதிரிப் படத்தில் மட்டும் எல்லா ஜன்னலிலும் பூ வரைந்து காட்டுகிறார்களே, அதை வைக்க இடமும் வரைந்தால் என்ன?

வாடாமல்லி வேண்டும் என்கிறவர்கள் நர்சரிக்கே போக வேண்டாம். பூக்கடையில் ஒரு கை வாடாமல்லி வாங்கி, அடியில் பழுப்பேறி முற்றிய உருண்டைகளைப் பொறுக்கி, வெயில் படாமல் உலர்த்திக் காகிதத்தில் மடித்து வையுங்கள். உதிர்த்தால் பஞ்சு ஒட்டிய விதை வரும். மாசியில் ஒருநாள் தண்ணீரில் ஊறவைத்து, பெட்டியிலேயே நேராகத் தூவி, மேலே மெல்லிசாக மண் தூவினால் போதும். பங்குனியில் ஒரு கிள்ளு, சித்திரையில் இன்னொரு கிள்ளு. வைகாசிக் கடைசியில் மேல்காற்று இறங்கும்போது செடி முழங்கை உயரத்துக்கு மேல் போயிருக்கக் கூடாது. போயிருந்தால் யோசிக்காமல் வெட்டிவிடுங்கள், மறுபடி வரும்.